காலணாவுக்குப் பத்திரிகை விற்ற பண்டிதர்

பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு. அங்கே 1925-ம் ஆண்டு பெரியார் 'குடி அரசு' பத்திரிகையைத் தொடங்கினார். சாதியை எதிர்த்த பத்திரிகை அது.

அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ராயப்பேட்டையில் ஒரு வாரப் பத்திரிகை பிறந்தது. விலை ஒரு பைசா. அதாவது காலணா! பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அதை நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர்.

யார் தமிழன்? யார் இந்த நாட்டுக்கு உரியவன்? இதுதான் அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்வி.

குருவின் பெயர்

அவர் பிறந்தது 1845-ம் ஆண்டு. பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். குருவின் மீது கொண்ட அன்பால், அவர் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார்.

ஊரார் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய குலம் அது. ஆனால் தாத்தா கந்தப்பன் திருக்குறள் ஏட்டைப் பாதுகாத்து வந்தவர். அந்த ஏடு எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அயோத்திதாசர் சித்த வைத்தியராகப் பெயர் எடுத்தார்.

சபையில் அவமானம்

1892-ம் ஆண்டு சென்னை மகாஜன சபை கூடியது. நீலகிரியின் சார்பில் அயோத்திதாசர் வந்தார். கோவிலுக்குள் எங்களை விட வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், தரிசு நிலம் வேண்டும் என்று கேட்டார்.

கோவில் என்றதும் எதிர்ப்புக் கிளம்பியது. உங்களுக்குச் சிறு தெய்வங்கள் உண்டே, சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்று கேட்டார் ஒருவர்.

அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், பள்ளியும் நிலமும் கொடுங்கள் என்றார் பண்டிதர்.

1898-ல் ஆல்காட் துரையுடன் இலங்கை சென்று பௌத்தரானார்.

பெயர்ச் சண்டை

அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன், 1893-ல் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். இழிவாகச் சொல்லும் பெயரையே தலைநிமிர்ந்து சொல்லி உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. பிறர் சூட்டிய பெயர் நமக்கு எதற்கு? நாம் சாதி பேதமற்ற திராவிடர், ஆதித்தமிழர் என்றார். குடிக்கணக்கு எடுக்க வருவோரிடமும் அப்படியே சொல்லச் சொன்னார்.

இருவருக்கும் நோக்கம் ஒன்று. வழிதான் வேறு.

எது சுதேசியம்?

1907-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நாடெங்கும் சுதேசி முழக்கம் எழுந்த நேரம் அது. சொந்த நாட்டு மனிதனைத் தொட மறுப்பவன் எப்படிச் சுதேசி ஆவான் என்று வாரந்தோறும் கேட்டார் பண்டிதர். வெள்ளையர் ஆட்சி தம் மக்களுக்குப் பாதுகாப்பு என்றும் எழுதினார். அதைப் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை.

1908-ல் 'ஒரு பைசா' என்ற சொற்கள் நீங்கின. 'தமிழன்' என்ற பெயர் மட்டும் நின்றது.

1914-ம் ஆண்டு மே 5-ந் தேதி பண்டிதர் மறைந்தார். பின்னர் கோலார் தங்கவயலில் 'தமிழன்' மறுபடியும் வெளிவந்தது. 2005-ல் மத்திய அரசு அவர் உருவத்துடன் தபால் தலை வெளியிட்டது.

சாதி பார்க்காதவனே தமிழன் என்றார் அயோத்திதாசர். அந்தப் பெயருக்கு நாம் தகுதியானவர்கள்தானா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.