காவலர்க்குக் கல்வி வகுத்த ஆகஸ்ட் வோல்மர்

நோயாளிக்கு மருந்து கொடுப்பவன் மருத்துவக் கல்வி முற்றியவனாதல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. நீதிமன்றத்தில் வழக்காடுவோன் சட்டத் தேர்வில் தேறியவனாதல் வேண்டும் என்பதும் அவ்வாறே. ஆனால் தெருவில் நின்று ஒருவனைப் பிடித்துச் சிறைவைக்கவும், நெருக்கடியிற் படைக்கலத்தைக் கையாளவும் உரிமை பெற்ற போலீஸ் காவலன் யாது கற்றிருத்தல் வேண்டும் என்னும் வினாவை உலகம் நெடுங்காலம் எழுப்பவில்லை. 1829-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஸர் ராபர்ட் பீல் என்னும் அமைச்சர் புதிய காவற்படையை நிறுவியபொழுதும், வயது, உயரம், உடல்நலம், நன்னடத்தை, எழுதப் படிக்கத் தெரிதல் ஆகியவையே தகுதிகளாகக் கொள்ளப்பட்டன. ஆராய்ந்து தெளிதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தபின் வினையில் அமர்த்துதற்கு ஓர் அதிகாரமுமாகத் தனித்தனியே வகுத்த வள்ளுவனார் மரபில் வந்த நமக்கு இவ்வினா புதியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதனை விடாது எழுப்பி, விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே ஆகஸ்ட் வோல்மர்.

வோல்மர் 1876-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரிற் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனி தேயத்திலிருந்து குடியேறியவர். இளமையிலேயே தந்தையார் இறந்துபடக் குடும்பப் பொறுப்பு அன்னையார்பாற் சேர்ந்தது. சில ஆண்டுகள் கழித்து அவ்வம்மையார் மக்களுடன் கலிபோர்னியா மாகாணம் புகுந்து, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிலும், பின்னர் வளைகுடாவின் கீழ்க்கரையிலுள்ள பர்க்லி என்னும் ஊரிலும் குடியமர்ந்தார். வோல்மருக்குப் பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. கணக்கு எழுதுதல், சுருக்கெழுத்து முதலிய சில தொழிற் பயிற்சிகள் மட்டுமே பெற்றார். பிற்காலத்தில் சர்வகலாசாலையில் ஆசிரியராய் வீற்றிருக்கப் போகின்றவர் கலாசாலையின் வாயிலை மாணவராய் மிதித்தவரல்லர் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வறுமை கருதி இளமையிலேயே உழைக்கத் தொடங்கிய அவர், நண்பர் ஒருவருடன் கூடி நிலக்கரியும் கால்நடைத் தீவனமும் விற்கும் கடை ஒன்று நடத்தினார். 1898-இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டபோது படையிற் சேர்ந்து பிலிப்பைன்ஸ் தீவுகளிற் போர் புரிந்தார். திரும்பி வந்தபின் 1900 முதல் பர்க்லியில் தபால் சேவகராய் அமர்ந்து வீடுதோறும் கடிதம் கொடுத்து வந்தார். ஊரார் முகங்களும் தெருக்களின் இயல்பும் அவருக்குத் தெளிவானது அக்காலத்திலேயே ஆகும்.

1904-இல் ஒரு நாள், சரக்கேற்றிய புகைவண்டிப் பெட்டி ஒன்று தனியே பிரிந்து சரிவில் உருண்டு, மாந்தர் நிரம்பிய பயணிகள் வண்டியை நோக்கி விரைந்தது. அதனைக் கண்ட வோல்மர் ஓடும் பெட்டியின்மீது பாய்ந்தேறித் தடையை இறுக்கி, நேரவிருந்த பேரிடரைத் தடுத்தார். அச்செயலால் அவர் பெயர் ஊரெங்கும் பரவியது. மறுவருடம் நகரத்தின் மார்ஷல் என்னும் காவற்றலைமைக்கு அவரை நிற்குமாறு நண்பர் தூண்டினர். தேர்தலில் அவர் பெருவெற்றி எய்தினார். அப்பொழுது அவருக்கு வயது 29.

இங்கு அக்கால அமெரிக்கக் காவல் முறையின் இயல்பை அறிதல் இன்றியமையாதது. பல நகரங்களிற் காவலர் வேலை, ஆளும் கட்சியார் தம் ஆதரவாளர்க்கு வழங்கும் பரிசாகவே இருந்தது. கட்சி மாறினால் காவலரும் மாறுவர். வேலை கொடுத்தவர்க்கு நன்றி காட்டுதலே அவர்தம் முதற் கடமையாயிற்று. சட்டம் பின்னரே வந்தது. பயிற்சி என்பதோ, பெரும்பாலும் ஒரு சின்னமும் தடியும் கைத்துப்பாக்கியும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புவதே. குற்றவாளியை அடித்து வருத்தி உண்மையை வரவழைத்தலும் பல இடங்களில் வழக்கமாயிருந்தது. சட்டத்தைக் காக்கும் கையே சட்டத்தை மீறினால் குடிகள் எங்கே முறையிடுவர்?

வோல்மர் பதவியேற்றபோது பர்க்லி சிறிய ஊர். 1906-இல் நேர்ந்த பெரு நிலநடுக்கத்தால் ஸான் பிரான்ஸிஸ்கோ அழிவுற, வீடிழந்தோர் பலர் பர்க்லிக்கு வந்தனர். 1900-இல் 13,214-ஆக இருந்த மக்கட்டொகை 1910-இல் 40,434-ஆக உயர்ந்தது. கைவிரல்விட்டு எண்ணத்தக்க காவலரைக் கொண்டு இவ்வூரைக் காத்தல் எளிதன்று. ஆதலின் வோல்மர் காவலர்க்கு மிதிவண்டிகளைத் தந்தார்; தெருச் சந்திகளிற் செந்நிற விளக்குகளை அமைத்து, அவை எரிந்தவுடன் காவலர் நிலையத்துக்குத் தொலைபேசியிற் பேசும்படி செய்தார்; பின்னர் மோட்டார் சைக்கிள்களையும் மோட்டார் வண்டிகளையும் ஈடுபடுத்தினார். எனினும் வண்டி விரைந்து சென்று சேர்ந்த இடத்தில், அதிலிருந்து இறங்குபவன் செய்வதறியாது நிற்பானாயின் விரைவினால் வரும் பயன் யாது? இதனை அவர் விரைவில் உணர்ந்தார்.

பர்க்லி நகரில் கலிபோர்னியா சர்வகலாசாலை இருந்தது அவருக்குப் பெரும் பேறாயிற்று. உயிர்நூற் புலவர் ஜாக் லோயப் முதலியோரின் நட்பினாலும், குற்ற ஆராய்ச்சியைப் பற்றி ஆஸ்திரிய நாட்டு நீதிபதி ஹான்ஸ் கிராஸ் இயற்றிய நூலைக் கற்றதனாலும் அவருக்கு ஒரு புது நோக்கம் பிறந்தது. குற்றம் நிகழ்ந்த இடத்திற் கிடக்கும் சிறு துகளும் சான்றாகும். அதனைப் பேணத் தெரியாத காவலன், அறியாமையினாலேயே குற்றவாளியைத் தப்பவிடுவான், குற்றமற்றவனையும் சிறையில் தள்ளுவான். ஆகவே 1908-இல் அவர் பர்க்லி போலீஸ் பள்ளியைத் தொடங்கினார். காவலர் தம் பணி முடிந்த நேரத்தில் வந்து அமர்ந்து பாடங் கேட்டனர். சர்வகலாசாலை ஆசிரியர் பலர் வந்து கற்பித்தனர்.

அப்பள்ளி நாளடைவில் மூன்றாண்டுப் பாடத்திட்டமாக விரிந்தது. பௌதிகம், இரசாயனம், உடற்கூறு, நச்சியல், மனநூல், பொதுச் சுகாதாரம், முதலுதவி, குற்றச் சட்டம் என அதன் பாடங்களைக் காணும்போது, இது காவலர் பள்ளியோ கலாசாலையோ என்று நாம் வியப்போம். ஆயினும் ஒவ்வொரு பாடத்துக்கும் காரணம் உண்டு. இரவில் தெருவிற் பிதற்றித் திரிபவன் குடித்தவனா, மனநோயுற்றவனா என்று முதலிற் காண்பவன் காவலனே. அடிபட்டு வீழ்ந்தவனை மருத்துவர்க்கு முன்பே அடைபவனும் அவனே. ஒருவனைத் தொட்டுப் பிடிக்கும் அக்கணத்தில், சட்டம் தனக்கு அவ்வுரிமையைத் தருகின்றதா என முடிவு செய்ய வேண்டியவனும் அவனே. நீதிபதி பல நாள் நூல்களைப் புரட்டி ஆராய்வதைக் காவலன் நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். 1916-இல் சட்டப் பேராசிரியர் அலெக்ஸாண்டர் கிட் என்பாருடன் கூடிச் சர்வகலாசாலையிலேயே கோடைக்கால வகுப்புகளை வோல்மர் ஏற்படுத்தினார்.

பயிற்சிக்கு முன்னர்த் தெரிவு வேண்டும் என்பது அவர் கொள்கை. முதல் உலகப் போரிற் படைவீரர்க்கென வகுக்கப்பட்ட அறிவுத் தேர்வையும், மனநிலை ஆய்வையும் வேலைக்கு வந்தோர்க்கு நடத்தினார். 1919-இல் சர்வகலாசாலை மாணவரின் செய்தித்தாளில் விளம்பரம் செய்து, கல்வி கற்றுக்கொண்டே காவற்பணி புரிய இளைஞரை அழைத்தார். ஏனைய நகரக் காவலர் இவரைக் கலாசாலைக் காவலர் எனக் கூறி நகைத்தனர். நகைத்தவர் நாணுமாறு அவ்விளைஞர் விளங்கினர். உடலியலில் டாக்டர் பட்டம் பெற்ற ஜான் லார்ஸன் அவருள் ஒருவர். ஓ. டபிள்யூ. வில்ஸன் 1921-இற் சேர்ந்து, பின்னாளில் சிக்காகோ நகரக் காவற்றலைவரானார். நீக்ரோவர் எனக் கூறி அக்காலத்தார் ஒதுக்கிய கறுப்பினத்தைச் சேர்ந்த வால்டர் கார்டன் என்பாரையும் 1919-இல், எதிர்ப்புக்கு அஞ்சாது வோல்மர் சேர்த்துக்கொண்டார். அவர் காவற்பணியோடு சட்டமும் பயின்று தேறி, பிற்காலத்தில் வெர்ஜின் தீவுகளின் ஆளுநராகவும் நீதிபதியாகவும் உயர்ந்தார்.

வோல்மர் தம் காவலரை அடக்கி ஆண்டவரல்லர். வெள்ளிக்கிழமை தோறும் அனைவரும் கூடுவர். அங்கு எவரும் எவர் குறையையும், தலைவரின் குறையையுங்கூட, முகத்துக்கு நேரே சொல்லலாம். வெளியே புறங்கூறுதல் மட்டும் ஆகாது. கைதிகளை அடித்து வருத்துதலை அவர் அறவே விலக்கினார்.

இனி அவர் தோல்வியையும் கூறுதல் நடுநிலைமையாகும். 1923-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்தார் ஓராண்டுக்கு அவரைத் தம் காவற்றலைவராக வரவழைத்தனர். அங்குச் சூதாட்டமும் கள்ளச் சாராயமும் கட்சித் தலைவரின் நிழலில் தழைத்திருந்தன. தேர்வும் பயிற்சியும் அவ்விடத்தும் புகுத்த அவர் முயன்றார். ஆனால் ஓராண்டு கழிந்து அவர் பர்க்லிக்கு மீண்டதும் அவர் நட்டவற்றுட் பல வேரூன்றாது வாடின. பர்க்லியில் வெற்றி பெற்ற முறை அங்கு நிலைபெறாமைக்குக் காரணம் என்ன? காவலரின் தகுதி ஒரு தலைவரின் விருப்பத்தையே பற்றி நின்றது; அத்தலைவர் அகன்றதும் தகுதியும் உடன் அகன்றது. நல்லோர் ஒருவர் வருகைக்காகக் குடிகள் காத்திருத்தல் ஆகாது. தகுதி சட்டத்தில் எழுதப்பட்டாலன்றி நிலையாது. இவ்வுண்மையே வோல்மரின் வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்க தலையாய பாடம் என்று கருதுகின்றோம்.

அதன்பின் அவர் தம் கருத்தை நாடெங்கும் விதைத்தார். 1929-இல் சிக்காகோ சர்வகலாசாலையிற் காவல் நிர்வாகப் பேராசிரியரானார். 1931-இல் அதே பணியிற் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கு வந்தார். அவ்வாண்டு விக்கர்ஷாம் குழுவினர் அரசுக்கு அளித்த அறிக்கைகளுட் காவலரைப் பற்றியது இவர் தலைமையில் எழுந்ததே. கட்சியின் பிடியினின்று காவல் விடுபடவும், தகுதியும் பயிற்சியும் இன்றியமையாதன ஆகவும் அது வற்புறுத்தியது. 1932-இற் காவற்பணியினின்று ஓய்வுபெற்றார். இறுதி ஆண்டுகளில் நோய்கள் அவரைப் பெரிதும் வருத்தின. அவ்வருத்தம் பொறாது 1955-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இம்முடிவு நம் உள்ளத்தை வாட்டுகின்றது.

அவர் செய்தன யாவும் குற்றமற்றன என்று நாம் புகழ முற்படவில்லை. பிலிப்பைன்ஸ் போரிற் கற்ற படைமுறைகளை நகரக் காவலிற் புகுத்தியது நன்றோ என்று இக்கால வரலாற்றாசிரியர் சிலர் வினவுகின்றனர். அவர் ஆதரவில் லார்ஸன் 1921-இல் அமைத்த பொய்கண்டறியும் கருவியின் முடிவும் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கத்தக்கதன்று என்பதே அறிவியலாரிற் பலர் கருத்து. ஆயினும் கற்றவனே காவலனாதல் வேண்டும் என்னும் அவர் மூலக்கொள்கை பழுதுறவில்லை.

அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 1959-இல், கலிபோர்னியா மாகாணத்தார் காவலர் தகுதிக்கும் பயிற்சிக்கும் தனி ஆணையம் நிறுவினர். இன்று அங்குக் காவலராக விழைவோர் உயர்நிலைப் பள்ளிக் கல்வியோ அதற்கு நிகரான தேர்ச்சியோ பெற்றிருத்தல் வேண்டும். கைரேகை கொடுத்தல் வேண்டும். கடந்தகால ஒழுக்கம் ஆராயப்படும். உடல்நிலையும் மனநிலையும் சோதிக்கப்படும். 2022 முதல், புதிதாய்ச் சேர்வோர்க்குக் குறைந்த வயது 18-லிருந்து 21-ஆக உயர்த்தப்பட்டது. அடிப்படைப் பயிற்சி 664 மணி நேரத்துக்குக் குறைதல் கூடாது. அதன் பின்னரும் அனுபவம் மிக்க காவலரின் கண்காணிப்பிற் பத்து வாரமேனும் தெருவிற் பயிலுதல் வேண்டும். கடுங்குற்றம் இழைத்தவரின் தகுதிச் சான்றினைப் பறிக்கும் உரிமையும் 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்தது. வோல்மர் தனியொருவராய்த் தம் ஊரில் தொடங்கியதை ஒரு மாகாணமே சட்டமாக ஏற்றது என்க.

ஆயினும் சட்டம் குறைந்த அளவையே வரையறுக்கும். 664 மணி நேரம் அமர்ந்தவன் எல்லாம் அறிந்தவனாகான். அதற்கு மேல் வேண்டுவது கற்றோர் அப்பணியை விரும்பி ஏற்றலே. காவற்றொழில் கல்வி வாயாதவர்க்கு உரியது, பட்டம் பெற்றவர் மேலதிகாரிகளாய் மட்டுமே அதனை நாடத்தக்கவர் என்னும் எண்ணம் மாணவராகிய நம்மிடையேயும் உண்டு. இரவில் ஏழை ஒருவனின் கதவைத் தட்டுபவர் மேலதிகாரியல்லர்; தெருக் காவலரே. அவர் கற்றவராயும் பொறுமையுடையவராயும் இருப்பின் அவ்வேழைக்கு அரசு நல்லது. அன்றேல் அவனளவில் எந்தச் சட்டமும் நல்லதன்று. பள்ளிப் படிப்பை முடிக்க இயலாத தபால் சேவகர் ஒருவர் இதனைக் கண்டு, தாம் பெறாத கல்வியைத் தம்பின் வருவோர்க்கு விதியாக்கினார். கல்வி பெற்ற நாம் அவரினும் குறைவாகக் காணலாமோ?