ஸ்காலாவுக்குத் திரும்பிய டோஸ்கனினி

இத்தாலி நாட்டின் பார்மா நகரில் 1867-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார் ஆர்தூரோ டோஸ்கனினி. ஏழைக் குடும்பம். உபகாரச் சம்பளத்தில் இசைப் பள்ளியில் தங்கிப் படித்து, செல்லோ என்னும் பெரிய தந்தி வாத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். கண்பார்வை மிகக் குறைவு. ஆகவே இசை ஏடுகளை முழுமையாக மனனம் செய்துவிடுவார். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகம் திறக்கும் நம்மைப் போன்றோர்க்கு இது வியப்பாகத்தான் இருக்கும்!

அந்த நினைவாற்றலே அவருக்கு வழி திறந்தது. 1886 ஜூன் 30 அன்று, பிரேசில் நாட்டின் ரியோ நகரில், நடத்துநர் விலகிவிட்டார். அரங்கில் ஒரே கூச்சல். வாத்தியக்காரர்களுள் ஒருவராயிருந்த 19 வயது டோஸ்கனினி மேடையேறி, 'ஐடா' என்னும் இசை நாடகத்தை ஏட்டைப் பாராமலே நடத்தி முடித்தார்.

நடத்துநர் எதையும் வாசிப்பதில்லையே, அவருக்கு என்ன வேலை என்று தோழியர் சிலர் கேட்கக்கூடும். நம் நெட்டுக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் பெரியவலை இழுக்கும்போது ஒருவர் ஏலேலோ எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஒன்றாய் இழுப்பார்களல்லவா? நூறு வாத்தியங்களை அவ்வாறு ஒன்றாய் இழுப்பவரே நடத்துநர்.

மிலான் நகரத்து ஸ்காலா அரங்கின் இசைக்குழுவில் 1887-இல் செல்லோ வாசித்த டோஸ்கனினி, 1898-இல் அக்குழுவுக்கே தலைமை நடத்துநரானார். இடையிடையே விலகியும் திரும்பியும், 1921 முதல் 1929 வரை மீண்டும் அதனை வழிநடத்தினார். அவரைச் சாந்தகுணமுடையவர் என்று சொல்வதற்கில்லை. ஒத்திகையில் ஒரு சுரம் பிசகினாலும் கோலை முறித்தெறிவார். அரசியலிலும் தொடக்கத்தில் தடுமாறினார். 1919 தேர்தலில் முசோலினியின் பட்டியலில் வேட்பாளராக நின்றவர்தாம். ஆனால் விரைவிலேயே அக்கட்சியின் போக்கைக் கண்டு வெறுத்து விலகினார்.

1931 மே மாதம் பொலோனா நகரில் கச்சேரிக்கு முன் பாசிசக் கட்சிப் பாடலை வாசிக்க மறுத்தார். அரங்க வாயிலில் கட்சியினர் அந்த 64 வயது முதியவரை முகத்தில் அறைந்தனர். கடவுச்சீட்டும் சில நாள் பறிக்கப்பட்டது. அதன்பின் இத்தாலியில் கோலைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார். யூத இசைஞர்கள் ஒன்றுகூடி அமைத்த குழுவின் முதல் கச்சேரியை 1936-இல் டெல் அவிவ் நகரில் ஊதியம் பெறாமல் நடத்தினார். பின்னர் அமெரிக்காவில் ஒரு வானொலி இசைக்குழுவுக்குத் தலைவரானார்.

1914-இல் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் வீசிய குண்டுகளைப் பற்றி நம் பகுதியில் இன்றும் பேசுகிறோம். 1943 ஆகஸ்டில் மிலான் மீது பொழிந்த குண்டுகளோ அதனினும் பன்மடங்கு. ஸ்காலாவின் கூரையே இடிந்து வீழ்ந்தது.

போர் முடிந்ததும் அரங்கைப் புதுப்பித்து டோஸ்கனினியை அழைத்தார்கள். தாம் மட்டும் திரும்புவதற்கு அவர் இசையவில்லை. யூதர் என்ற காரணத்தால் துரத்தப்பட்டவர்களும் திரும்ப வேண்டுமென்றார். ஸ்காலாவின் பாடகர் குழுவைப் பல ஆண்டுகள் பயிற்றிய வித்தோரே வெனெசியானி, 1938-இல் அவ்வாறு வேலையிழந்தவர். அவரும் தம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

1946 மே 11 இரவு, 79 வயதான டோஸ்கனினி பழைய குழுவின் முன் நின்றார். இடம் கிடைக்காதோர் வெளியே சதுக்கங்களில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டனர். வெர்தி இயற்றிய 'நபுக்கோ'விலிருந்து, பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்கள் தாய்நாட்டை நினைத்துப் பாடும் பாட்டும் அன்று ஒலித்தது. திருவிவிலியத்தில் அச்சிறையிருப்பைப் படித்திருக்கிறோம். அன்று பாடியோரைப் பயிற்றியவர் தாமே துரத்தப்பட்டுத் திரும்பியவர் என்பதை அரங்கிலிருந்த பலரும் அறிவர். அவர்கள் நன்றிகூறும் 'தெ தேயும்' கீதமும் பாடினார்கள்.

1957 ஜனவரி 16 அன்று டோஸ்கனினி நியூயார்க்கில் காலமானார். அவரது உடல் மிலானுக்குக் கொண்டுவரப்பட்டது. ஸ்காலாவின் கதவுகளைத் திறந்து வைத்து, ஆளில்லாத அரங்கில் அவரது பழைய இசைக்குழு பேத்தோவனின் இறுதி ஊர்வல இசையை வாசிக்க, மக்கள் வெளியே சதுக்கத்தில் நின்று கேட்டனர்.