வெள்ளித்திரையின் முதல் நாயகி பி.கே. ரோசி

மலையாளத் திரையுலகின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி அம்மையார் என்பதைத் திரைப்பட வரலாறு கற்போர் இன்று நன்கறிவர். அவர் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்தவர் என்பதும், தம் வாழ்நாளின் பிற்பகுதியை நாம் நாள்தோறும் நடமாடும் நாகர்கோவில் நகரிலேயே கழித்தவர் என்பதும் நம் இளைஞர்களிற் பலர் அறியாதவை. ஆதலின், நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர்தம் வரலாற்றைச் சுருங்க எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

ரோசி அம்மையார் 10.2.1903 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில், புலையர் குலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் தோன்றினார். இயற்பெயர் ராஜம்மா. அந்நாளில் நம் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டதே, 1.11.1956 அன்றுதான் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். இளமையிலேயே தந்தையை இழந்த அவர், புல்லறுத்து விற்றும் கூலி வேலை செய்தும் வயிறு வளர்க்க வேண்டியவரானார்.

வறுமை அவருடைய கலை ஆர்வத்தை அழித்துவிடவில்லை. தென் திருவிதாங்கூரில் அக்காலத்தில் காக்காரிசி நாடகம் என்னும் கூத்து புகழ் பெற்றிருந்தது. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி வேடத்தில் ஊர் ஊராக அலைவதாக அமைந்த அக்கதை, தமிழும் மலையாளமும் கலந்த பாட்டாலும் உரையாடலாலும் நடத்தப்பெறுவது. பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்து வந்த அந்த அரங்கில் துணிந்து ஏறி ஆடிப்பாடிய பெண்டிருள் ரோசி முன்னோடி ஆவார். உழைக்கும் மக்கள் அவரைக் கண்டு மகிழ்ந்தனர். மேடையில் அவர் பெற்ற இவ்வெற்றியே பின்னர் அவரைத் திரைக்கு அழைத்துச் சென்றது.

அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் என்பார், தம் நிலபுலன்களை விற்றுத் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். அங்கு அவர் எடுத்த ஊமைப்படம் ‘விகதகுமாரன்’. அதற்குக் கதாநாயகி கிடைப்பது பெரும்பாடாயிற்று. 1913இல் வெளிவந்த இந்தியாவின் முதற்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’விலேயே சந்திரமதியாக ஓர் ஆடவர்தாம் நடிக்க நேர்ந்தது என்றால், பெண்கள் நடிப்பதற்கு இருந்த தடையை நாம் உணரலாம். பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகையும் திரும்பிச் சென்றுவிட்டார். அந்நிலையிலேயே காக்காரிசி மேடையிலிருந்த ரோசிக்கு அழைப்பு வந்தது.

அவர் ஏற்ற வேடம் சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம். நாள் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் 10 நாட்கள் நடித்தார் என்றும், மதிய உணவைத் தம் வீட்டிலிருந்தே கொண்டுவந்தார் என்றும் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

வேடம் நாயர் பெண்ணுடையது. அதைப் புனைந்தவரோ புலையர் குலப் பெண். இதன் பொருளை விளங்கிக்கொள்ள அக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கழுத்தில் கல்மாலை மட்டுமே அணியலாம் என்று நம் பெண்கள்மீது சுமத்தப்பட்டிருந்த இழிவு, மகாத்மா அய்யன்காளியின் தலைமையில் 1915இல் நிகழ்ந்த பெரிநாட்டுப் போராட்டத்தை ஒட்டியே அறுத்தெறியப்பட்டது. கோயிற்கதவுகள் 1936 நவம்பர் வரை திறக்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ரோசி உயர்குலப் பெண்ணாக ஒப்பனை செய்துகொண்டு படக்கருவியின் முன் நின்றார்.

படம் திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் திரையிடப்பட்டது. வெளியான ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். தொடக்க விழாவுக்கு வந்த பெருமக்கள் ரோசியுடன் சமமாக அமர மறுத்தனர். தாம் நடித்த படத்தைக் காணும் உரிமை அப்பெண்ணுக்கு மறுக்கப்பட்டது. திரையில், நாயகியின் கூந்தலில் இருந்த மலரை நாயகன் முத்தமிடும் காட்சி வந்தபோது சாதி வெறியர் கொதித்தெழுந்தனர். திரைமீது கற்கள் பறந்தன. ஆத்திரம் அரங்கோடு அடங்கவில்லை. ரோசியின் குடிசையும் தாக்குதலுக்கு இலக்காயிற்று. உயிருக்கு அஞ்சிய அவர் இரவோடிரவாகத் தப்பியோடி, வழியில் வந்த ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் வந்து சேர்ந்தார்.

லாரியை ஓட்டிவந்த கேசவ பிள்ளை என்பாரே அவரை மணந்துகொண்டார். அதன்பின் ரோசி என்ற பெயர் மறைந்தது. ராஜம்மாள் என்னும் இல்லத்தரசியாகப் பிறப்பை வெளியிடாமல் வாழ்ந்தார். மீண்டும் அவர் திரையில் தோன்றவே இல்லை. 1988இல் மறைந்தபோதும் நாடு அவரை அறிந்திருக்கவில்லை.

டேனியலும் நலம் பெறவில்லை. பொருளை இழந்து, பல் மருத்துவம் செய்து பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். ஆயினும் 1992 முதல் கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. ரோசிக்கு நீதி இன்னும் தாமதமாகவே வந்தது. அவர் கதையை வினு ஆபிரகாம் நாவலாக்கினார், 2013இல் ‘செல்லுலாய்டு’ என்னும் திரைப்படம் அவரை மக்கள்முன் நிறுத்தியது, 2019இல் கேரளப் பெண் கலைஞர்கள் அவர் பெயரால் திரைப்படக் கழகம் கண்டனர், 10.2.2023 அன்று கூகுள் நிறுவனம் தன் முகப்பில் அவரது ஓவியத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது. ஆனால் அவர் நடித்த படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று உலகில் இல்லை.

ரோசி அம்மையார் தம் பெயரை மறைத்து வாழ்ந்தமை குறித்துச் சிலர் குறை கூறக்கூடும். அது நேர்மையன்று. கல்லெறிந்தவர் தலை நிமிர்ந்து நடந்த ஊரில், கல்லடி பட்டவர் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. வெட்கம் எறிந்தவர்க்கே உரியது. அவருக்குத் துணை நிற்கச் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. தீண்டாமையைக் குற்றமாக்கிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950இல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது அவர் மறைந்த மறு ஆண்டு, 1989இல்.

இளைஞர்களே! உங்கள் நிலை வேறு. உங்களுக்குச் சட்டம் உண்டு, கல்வி உண்டு, இச்சங்கம் உண்டு. எனினும், வாடகை வீடு தேடும்போதும், விடுதியில் உடன் தங்குவோர் கேட்கும்போதும், பிறந்த ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் விழுங்கிவிடும் பட்டதாரிகளை இன்றும் நாம் காண்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்ள நாம் விரும்பவில்லை. அச்சத்தின் காரணத்தை அறிவோம். ஆனால் ஒருவர் தனித்து நின்றால் மறைக்கத் தோன்றும் பெயரை, பலர் சேர்ந்து நின்றால் உரக்கச் சொல்லலாம். சங்கம் அமைத்ததன் பயன் அதுவே.

மற்றொன்றும் கூற வேண்டும். நம் தெருக்களில் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் மேளத்திலும் பேரெடுத்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்தம் பெயர், ஊர், கற்ற முறை, ஏறிய மேடை ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி, நம் சங்க நூலகத்தில் சேர்த்திடுக. ரோசி அம்மையார் நம் நகரில் வாழ்ந்தபோது அவரிடம் கேட்டெழுத ஒருவரும் செல்லவில்லை. இனி ஒருவர்க்கும் அந்நிலை நேராதிருக்க, இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே அப்பணியைத் தொடங்குவோமாக.