ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். முறையான கல்வியைப் பாதியில் விட்ட இவர், பின்னாளில் பொறியியல் கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்பது குறித்து அரசுடன் கருத்து வேறுபட்டவராகவும் அறியப்படுகிறார்.

இளமை

கோவையை அடுத்த கலங்கல் எனும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த இவர், கோவையில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்து, அத்தகைய வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். இதுவே இவருடைய பொறியியல் பாடம் எனலாம்.

தொழில்

கரிசல் நிலத்தின் முதன்மை விளைபொருளான பருத்தியே இவருடைய தொடக்ககாலத் தொழிலாகவும் இருந்தது. திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர், மும்பைப் பருத்தி வணிகத்தில் அதனை இழந்தார். 1920இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரின் உதவியால் ஒரு பேருந்தைப் பெற்று, பொள்ளாச்சி – பழனி இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டியிலிருந்து வளர்ந்ததே யு.எம்.எஸ். நிறுவனம். 1937இல் இவருடைய பீளமேடு தொழிற்கூடத்தில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் பங்களிப்புடன் மின்மோட்டார் உருவாக்கப்பட்டது.

மலிவான கருவிகள்

மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியன இவருடைய படைப்புகளுள் சில. மின்சாரம் எட்டாத வீடுகளுக்கு மண்ணெண்ணெயால் சுழலும் விசிறியையும் செய்தார். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் மகிழுந்தை வடிவமைத்தார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அது சந்தைக்கு வரவில்லை. சாமானியர் வாங்கக்கூடிய விலையே இவருடைய கருவிகளின் தனிச்சிறப்பு. எனினும், அவற்றுள் பல பெருமளவில் உற்பத்தியாகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

வேளாண்மையிலும் ஆய்வு செய்தார். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய அரசு ஆய்வுப் பண்ணை கருங்கண்ணிப் பருத்தியை மேம்படுத்தி வந்தது. பட்டம் ஏதுமில்லாத நாயுடு, தம் சொந்தத் தோட்டத்தில் வழக்கத்தினும் மிக உயரமான பருத்திச் செடிகளை வளர்த்தார்.

கல்விப் பணி

1945இல் இவருடைய நன்கொடையால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் நிறுவப்பட்டது. தொடர்ந்து அதே பெயரில் எழுந்த பொறியியல் கல்லூரி, பின்னர் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. நான்கு ஆண்டுப் படிப்பில் காலம் வீணாகிறது, பட்டறைப் பயிற்சியுடன் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் நிலைப்பாடு. அரசு இதனை ஏற்கவில்லை. இவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். இவருடைய கருவிகள் கோவை அவிநாசி சாலையில் உள்ள காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.