கால்டுவெல்லின் மாமியாரும் நாகர்கோவில் லேஸும்

கால்டுவெல்லை உங்களுக்குத் தெரியும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், சென்னை மெரினாவில் சிலையாக நிற்பவர். அவருடைய மாமியாரைத் தெரியுமா? நாகர்கோவில் பக்கம் அந்தப் பெயரை இன்றும் சொல்வார்கள்: மார்த்தா மால்ட். நெல்லை, குமரியிலிருந்து மதுரைக்கு வந்து தங்கிவிட்டவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருப்பதால், இந்த முறை அவரைப் பற்றி.

1794-இல் பிறந்த மார்த்தா, கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819 டிசம்பரில் நாகர்கோவிலுக்கு வந்தார். இருவரும் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள். ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வம். அவர் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் 1821-இல் எழுத்தோடு ஒரு கைத்தொழிலும் சேர்ந்தது. அதுதான் லேஸ்.

நம் பாட்டிமார் டிவிக்கும் ட்ரேக்கும் போட்டுவைத்த குரோஷா வேறு, இது வேறு. குரோஷாவுக்குக் கொக்கி ஊசி ஒன்றும் நூல்கண்டு ஒன்றும் போதும். வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போகலாம், நடுவில் பஸ் வந்தால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். மார்த்தா கற்றுக்கொடுத்தது தலையணை லேஸ். இறுக்கமாக அடைத்த தலையணையில் டிசைன் தாளை வைத்து, குண்டூசி குத்தி, சின்னக் கட்டைகளில் சுற்றிய பல இழைகளை முறுக்கியும் குறுக்கே மாற்றிப் போட்டும் பின்ன வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கொஞ்சம்தான் நகரும்.

அந்த வேலைக்குக் கூலி கிடைத்தது. அடிமையாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்தே விடுதலை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாடார் பெண்கள் தோளை மறைத்து உடுத்தவும் தடை இருந்தது. 1859 அரசாணையில்தான், அதுவும் சில நிபந்தனைகளோடு, அனுமதி வந்தது. அடுத்தவர் சட்டைக் கழுத்துக்கு லேஸ் பின்னிய கைகளுக்குத் தன் தோளை மூட உரிமையில்லை. மதம் பரப்ப வந்தவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அதற்குத்தான் வந்தார். ஆனால் ஒரு பெண்ணின் கையில் அவளே சம்பாதித்த காசு இருந்தால் என்ன நடக்கும் என்பதும் அந்தப் பள்ளியில்தான் தெரிந்தது.

மகள் எலைசா தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது; அங்கும் பெண்கள் பள்ளி, அங்கும் அதே தலையணை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் லேஸ் நினைவுக்கு வரும் அளவுக்குத் தொழில் வேரூன்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாகர்கோவிலில் இருந்த மார்த்தா பிறகு இங்கிலாந்து திரும்பி, 1870-இல் காலமானார்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய லேஸ் துண்டு ஏதாவது இருக்கிறதா? மஞ்சளித்திருந்தாலும் பிளீச் போடாதீர்கள், இழை இற்றுவிடும். பச்சைத் தண்ணீரில் மிதமான சோப்பு கலந்து ஊறவைத்து, கசக்காமல், பிழியாமல், துண்டின் மேல் விரித்து நிழலில் காயவிடுங்கள். கஞ்சி வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அதுதான் விருந்து. மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும் என்பதால், நன்றாகத் துவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பின்னியவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.