மார்க்கோணியும் ஓர் இரவும்

1874இல் பொலோஞா நகரிற் பிறந்து, கம்பியில்லாத் தந்தியாற் கடலையே பேசவைத்த மார்க்கோணியை நினைக்குந்தோறும் என் மனக்கண்முன் எழுவது அவர் பெற்ற நோபல் பரிசன்று. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவே. பனிக்கட்டி சூழ்ந்துளதெனக் 'கலிபோர்ணியன்' கப்பலினின்று வந்த செய்தியை, பயணிகளின் தந்திகளில் மூழ்கியிருந்த 'டைட்டானிக்' தந்தியாளர் இடையில் நிறுத்தச் சொன்னார். அனுப்பியவரோ கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். இருவரும் மார்க்கோணி கம்பனி ஊழியரே! கருவியிற் பழுதில்லை, ஆயினும் 1,500 பேருக்கு மேல் மாண்டனர். அபாய அழைப்பைக் கேட்டு விரைந்த 'கார்பேத்தியா' 700 பேரளவில் மீட்டதும் அதே கருவியின் துணையாலேதான், அதனையும் சொல்லவேண்டும்.

1934இல் தம் 'எலெத்ரா' கப்பலின் சாளரங்களைத் திரையிட்டு மறைத்து, வானொலி அலைகளே வழிகாட்ட, செஸ்திரி லெவாந்தே கரையருகே மிதவைகளுக்கிடையே அதனைச் செலுத்தச் செய்தார். காணாக் கண்ணுக்கு மாற்றுக் கண்டார். கேளாச் செவிக்கு மாற்று எதுவென நான் எண்ணுவதுண்டு. 1937இல் அவர் உரோமில் மறைந்தபோது வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனமாயின.