கல்கி கண்ட மோகினித் தீவு



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார்கள். காந்தி, காமராசர், பாரதியார் மூவரையும் மற்றவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் எழுத்தாளர் கல்கியை எடுத்துக்கொண்டேன். காரணம் நூலக பீரோவில் கிடைத்த மோகினித் தீவு என்ற சின்னப் புத்தகம். பேய்க் கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். பேய்க் கதை இல்லை!

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற கிராமத்தில் பிறந்தார். உயர்நிலைப் படிப்புக்குத் திருச்சி தேசியப் பள்ளிக்கு வந்தார். நாம் துறையூரில் பஸ் மாறிப் போகிற அதே திருச்சிதான். 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக, இறுதிப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் படிப்பை விட்டார். 1922-இல் ஒரு வருட சிறைத் தண்டனை பெற்றார். (இதைப் படித்ததும் எனக்கு எங்க அக்கா ஞாபகம் வந்தது. அவங்களும் பத்தாவது பரீட்சைக்கு முன்னாடி நின்னுட்டாங்க. ஆனால் அது நாட்டுக்காக இல்லை, வீட்டுக் கஷ்டத்துக்காக.)

அதன் பிறகு திரு.வி.க.வின் நவசக்தி, ராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமம், ஆனந்த விகடன் என்று வேலை பார்த்தார். 1941-இல் நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். பொன்னியின் செல்வன், சிவகாமியின் சபதம் எல்லாருக்கும் தெரியும். அவற்றில் வரும் ஊர்களுக்கு நாம் இன்றும் பஸ் ஏறிப் போகலாம். மோகினித் தீவுக்குப் போக முடியாது. அது அவர் கற்பனையில் உண்டாக்கிய நாடு.

1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் வந்தபோது ரங்கூனில் இருந்து கப்பலில் தப்பி வந்த ஒருவர் சொல்வதாகக் கதை போகிறது. வழியில் கப்பல் ஒரு தீவில் ஒதுங்குகிறது. அங்கே ஆள் இல்லை, ஆனால் பாழடைந்த கோயில்களும் அற்புதமான சிலைகளும் இருக்கின்றன. இரவில் ஒரு ஆணும் பெண்ணும் வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அவன் சோழ இளவரசன் சுகுமாரன். அவள் பாண்டிய இளவரசி புவனமோகினி. அவன் சிற்பம் கற்கும் மாணவனாக வேடம் போட்டு மதுரைக்கு வந்தவன். மாறி மாறிச் சொல்லி, நடுவில் செல்லமாகச் சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். மீதியை நீங்களே படியுங்கள்.

தீவு கற்பனைதான். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன், அதில் இருப்பதெல்லாம் உண்மைப் பொருள். கல்கி பிறந்த ஊர்ப் பக்கம்தான் காவிரி கடலில் சேர்கிற பூம்புகார், சோழர்களின் பழைய துறைமுகம். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் சுமார் 1025-இல் கடாரம் வரை, அதாவது இப்போதைய மலேசியா வரை போயிருக்கின்றன. மாமல்லபுரத்துச் சிற்பம் நம்மிடம் இருக்கிறது. கம்போடியாவில் அங்கோர்வாட், ஜாவாவில் போரோபுதூர் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே கடலில் ஒரு தமிழ்த் தீவு ஏன் இருந்திருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பர்மா அகதிகளும் கற்பனை இல்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்போது பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள், பலர் வழியிலேயே இறந்தார்கள்.

எதற்குத் தீவு? இங்கேயே ஒரு ஊரில் அவர்களை வாழ வைத்திருக்கலாமே? வரலாற்றுப் பாடத்தில் சோழனும் பாண்டியனும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒருவன் ஜெயித்தால் இன்னொருவனின் ஊர் எரிகிறது. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மண் வேண்டியிருந்தது. அது வரைபடத்தில் இல்லாததால் கல்கி தானே ஒன்று போட்டுக்கொண்டார். இது என் அபிப்பிராயம். தமிழய்யா வேறு மாதிரி சொல்லலாம்.

நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் மார்கழிக் காலையில் நம்ம பச்சைமலை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கீழே ஊரெல்லாம் பனிமூட்டத்தில் மறைந்துவிடும். எதிரே கொல்லிமலை மட்டும் தீவு மாதிரி தெரியும். புத்தகம் படிக்கும்போது எனக்கு அந்த இடம்தான் கண்ணில் வந்தது.

கல்கி 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அலை ஓசை நாவலுக்குச் சாகித்ய அகாடமி விருது 1956-இல்தான் வந்தது. அதை வாங்க அவர் இல்லை.

பொங்கலுக்குத் திருப்பூரில் இருந்து அக்கா வந்தாங்க. புத்தகத்தை இரண்டே ராத்திரியில் படிச்சு முடிச்சுட்டாங்க. அந்தத் தீவு எங்கே இருக்குன்னு கேட்டாங்க. நானும் அவங்களும் பள்ளி அட்லஸில் அந்தமானுக்கும் பர்மாவுக்கும் நடுவில் தேடினோம். கிடைக்கலை. அக்கா பென்சிலை எடுத்து ஒரு புள்ளி வைத்து, மோகினித் தீவு என்று பொடி எழுத்தில் எழுதிட்டாங்க. சமூக அறிவியல் டீச்சர் மன்னிக்கணும். அட்லஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அழிக்க மனசு வரலை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி